கார்டு வரட்டும்

காத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், பெண் வீட்டார் பதிலுக்குக் காத்திருப்பவர், மாமனார் உயிலுக்குக் காத்திருப்பவர். இவர்களெல்லாம் காத்திருக்கும் நேரத்தில் கடலை கொறிப்பார்கள், கதை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவரின் குடும்ப விவகாரத்தைக் கிண்டிக் கிளறுவார்கள். அதாவது, மனிதர்களாக நடந்துகொள்வார்கள். ஆனால் காத்திருப்பதை முழுநேர உத்தியோகமாகவும், வைத்தியத்தை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொண்ட ஓர் இனம் இருக்கிறது. சொந்த நாட்டில் டாக்டருக்குப் படித்து, அமெரிக்காவுக்குப் போய் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து பயிற்சி பெற்று, பயிற்சி முடிந்த கையோடு "சரி, ஊருக்குக் கிளம்பு" என்று அந்த நாட்டு அரசு வாசலைக் காட்டும்போது, "ஐயா, உங்கள் டாக்டர்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஏதாவது ஒரு மூலையில் மூன்று வருஷம் கிடக்கிறேன், விரட்டாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்து, அந்த மூன்று வருஷமும் முடிந்து, அதற்குப் பிறகும் கிரீன் கார்டு என்கிற நிரந்தர வாச அட்டைக்காக வரிசையில் நிற்கிற இனம். இதிலும் முற்றிப் பழுத்த ரகம் ஒன்று உண்டு. அதுதான் 'கார்டு வரட்டும்' டாக்டர்.

இவரை அடையாளம் காண ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை. வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். கூடத்தில் சோபா இருக்காது. தோட்டத்தில் போடுகிற மடக்கு நாற்காலி இரண்டு இருக்கும். கட்டில் இருக்காது, மெத்தை தரையில் கிடக்கும். டிவி இருக்கும், டிவி வந்த அட்டைப்பெட்டியும் பக்கத்திலேயே இருக்கும், என்றைக்காவது ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டி வந்தால் என்ன செய்வது? கொல்லையில் ஒரு செடி கிடையாது. "ஒரு தக்காளியாவது வைக்கக்கூடாதா?" என்று கேளுங்கள். "கார்டு வரட்டும்" என்பார். "நாய் வளர்க்கலாமே, துணையாக இருக்குமே?" கார்டு வரட்டும். "கடைவாய்ப் பல் ஆடுகிறதே, பிடுங்கிக்கொள்ளக்கூடாதா?" அதுவும் கார்டு வரட்டும். அதுவரை பல்லும் அவரைப் போலவே, விழாமலும் ஊன்றாமலும் ஆடிக்கொண்டிருக்கும்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் மார்லோ என்கிற ஊரில் இருந்த டாக்டர் பரேஷ் தோலக்கியா இந்த ரகத்துக்கு ஒரு முதல்தரமான மாதிரி. மார்லோவில் சோளம் உண்டு, காற்று உண்டு, தானியக் கிடங்கு ஒன்று உண்டு, ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, போக்குவரத்து விளக்கு ஒன்றே ஒன்று உண்டு. நாலு திசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் வராத மத்தியான வேளையில், அந்த விளக்கு சிவப்பாக இருந்தால், நடந்து போகிற பரேஷ் நின்றுவிடுவார். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் நிற்பார். "தப்பா ரோடு தாண்டினான்னு எழுதிட்டா ஃபைல்ல ஏறிடும்." காரோட்டினால் அனுமதித்த வேகத்துக்குப் பத்து குறைவாகத்தான் ஓட்டுவார். உழுதுவிட்டு வருகிற டிராக்டர் அவரை முந்திக்கொண்டு போகும். டிராக்டர்க்காரர் அநேகமாக அவருடைய நோயாளியாகத்தான் இருப்பார், கையாட்டிவிட்டுப் போவார்.

யாரோடும் சண்டை கிடையாது, யாரைப் பற்றியும் அபிப்பிராயம் கிடையாது. கால்பந்தில் எந்தக் கட்சி என்று கேட்டால் இரண்டு கட்சியும் என்பார். ஒரு வருஷம் ஊர்த் திருவிழாவில் பன்றிப் போட்டிக்கு அவரை நடுவராகப் போட்டார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பன்றிகள் நின்றன. ஒன்றின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் இருப்பவர். மற்றதன் சொந்தக்காரர் அவருக்கு மைத்துனர். பரேஷ் இரண்டு பன்றிகளையும் மாறி மாறிப் பார்த்தார், வியர்த்தார், ஒலிபெருக்கியை வாங்கினார். "இரண்டு பன்றிகளும் தத்தம் வழியில் மிகச் சிறந்தவை" என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மச்சான் மைத்துனர் இருவரும் அதற்கப்புறம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, பரேஷோடும் பேசவில்லை.

அப்படியானால் இவர் வாய் திறப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். திறப்பார். விசா என்று வந்துவிட்டால் மூடமாட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தவிர இன்னும் இரண்டு வெளிநாட்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓபின்னா, நைஜீரியாக்காரர், புதிதாக வந்தவர், அறுவை சிகிச்சை செய்பவர். இன்னொருவர் சுபர்ணா மொஹந்தி, கட்டாக்கில் வளர்ந்த ஒடியாப் பெண், குழந்தை வைத்தியர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் டார்லீன் அம்மாளும் சேர்ந்துகொள்வாள். அவள் பங்குக்கு ஆரஞ்சு ஜெல்லிக்குள் துருவிய காரட்டைப் போட்டு எதையோ உறையவைத்துக்கொண்டு வருவாள். எல்லோரும் அதைப் புகழ்ந்துவிட்டுத் தட்டின் ஓரமாக ஒதுக்குவார்கள். பரேஷ் மட்டும் முழுக்கச் சாப்பிடுவார். டார்லீனும் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவள்தானே, நாளைக்கு யார் எங்கே என்ன சொல்வார்கள் என்று யார் கண்டது?

"ஏன் கண்ணு, இவ்வளவு கஷ்டப்படறே? போஸ்ட் ஆபீஸுல ஒரு பாரம் வாங்கி நிரப்பிக் குடுத்துட்டுப் போயிடேன்," என்பாள் டார்லீன். இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த நாட்டுக்குள் வருவது எப்படி என்று தெரியவே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பரேஷ் அவளுக்கு விளக்குவார். ஜெல்லி கரையும், விளக்கம் முடியாது.

விளக்கத்தின் சாரம் இதுதான். கார்டுக்கான வரிசை, பிறந்த நாட்டை வைத்து. நீ எங்கே வளர்ந்தாய், என்ன படித்தாய், எத்தனை உயிரைப் பிடித்து நிறுத்தினாய் என்று யாரும் கேட்பதில்லை. உன் அம்மாவுக்கு எந்த நாட்டில் வலி எடுத்தது என்பதுதான் கேள்வி. இந்தியாவில் எடுத்திருந்தால் தொலைந்தாய். அந்த வரிசையின் வாலில் நிற்பவர் தலைப்பக்கம் போய்ச் சேருவதற்குள் தலையில் முடி இருக்காது. மற்றப் பல நாட்டு வரிசைகளில் ஈ காக்கை கிடையாது. மாதாமாதம் அரசாங்கம் ஒரு தேதியை வெளியிடும்: இன்ன தேதிக்கு முன் மனுப்போட்டவர்கள் உள்ளே வரலாம். பிறை பார்ப்பதுபோல் பரேஷ் அதைப் பார்ப்பார். சில மாதம் தேதி நகரும், சில மாதம் நகராது, சில மாதம் பின்னால் போகும். ஆமாம், பின்னால். உலகத்தில் எல்லோருக்கும் காலம் முன்னால் ஓடுகிறது. இவர்களுக்கு மட்டும் போன வருஷத்துக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு பரேஷ் கண்ட நோயாளிகளுக்கெல்லாம் ரத்த அழுத்தம் ஏறும், ஏனென்றால் கருவியைப் பிடித்திருக்கும் கை நடுங்கும்.

இந்தச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. கணவன் மனைவி இருவரில் யார் பிறந்த நாட்டு வரிசை குட்டையோ, அதில் இருவருமே நின்றுகொள்ளலாம். இந்தச் சந்தை வைத்துக்கொண்டு பரேஷ் ஒரு கல்யாணத் தரகராகவே ஆகிவிட்டார். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்த கல்யாணமாகாத இந்திய டாக்டர்கள் அவருக்குப் போன் செய்வார்கள். "ஜாதகம் கிடக்கட்டும். பொண்ணு எங்க பொறந்தா? பூடானா? கண்ணை மூடிக்கிட்டுக் கட்டு. லூதியானாவா? நல்ல பொண்ணா இருக்கலாம், ஆனா பாவம், லூதியானா." அவர் பேச்சைக் கேட்டு ஒருவர் நேபாளத்தில் பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, கார்டு வாங்கி, வீடு வாங்கி, படகு வாங்கி, படகுக்கு பரேஷின் பெயரையே வைத்துவிட்டார்.

சொந்தப் பிறப்பைப் பற்றி பரேஷுக்குத் தீராத ஆற்றாமை. அவர் அப்பாவுக்கு மொம்பாசாவில் துணிக்கடை. அம்மா கர்ப்பமானதும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கப்பலேற்றி குஜராத்தில் இருக்கும் பாவ்நகருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இவர் பிறந்தார். நாற்பது நாளில் மறுபடி மொம்பாசா. "நாப்பது நாள்! நாப்பது நாள் அந்த அம்மா மொம்பாசாவுலேயே இருந்திருந்தா, நான் கென்யாக்காரன். இன்னிக்கு எனக்குக் கார்டு இருக்கும், சோபா இருக்கும்." அவர் அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவார். அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும், பெற்றதற்கு மன்னிப்புக் கேட்பாள்.

இப்போது வாசகரே, உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறோம், பரேஷிடம் மூச்சு விடாதீர்கள். சுபர்ணா இந்தியாவில் பிறந்தவள் அல்ல. அவள் அப்பா சாம்பியாவில் ஒரு தாமிரச் சுரங்கத்தில் என்ஜினியராக இருந்தவர். அம்மாவைத் தலைப்பிரசவத்துக்குக் கட்டாக்குக்கு அனுப்பப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். பெட்டி தயாராவதற்கு முன் பிள்ளை தயாராகிவிட்டது. கிட்வே என்கிற ஊரில் பிறந்து, தவழுகிற வயதில் கட்டாக்குக்கு வந்து, அதன்பின் சாம்பியாவைப் படத்தில்தான் பார்த்தாள். சாம்பியா வரிசையில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அவள் கார்டு மனு, சத்தமில்லாமல், ஒமாஹாவில் ஒரு வக்கீல் அம்மாள் மூலம், முக்கால்வாசி தூரம் போயிருந்தது.

இதை அவள் பரேஷிடம் ஏன் சொல்லவில்லை? முதலில், சொல்லவிடவில்லை. இரண்டாவது, நாலு வருஷமாக அவர்கள் இருவரும் காதலித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுபர்ணா டால்மா என்கிற ஒடியாப் பருப்புக் குழம்பு செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போவாள். அவர் தேப்லா என்கிற குஜராத்தி ரொட்டி தட்டுவார், நன்றாகவே தட்டுவார். இரண்டு மடக்கு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவளுக்கு ஜலதோஷம் என்றால் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொண்டுவருவார். பனிக்காலத்தில் அவள் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைப்பார். ஆள் கெட்டவர் அல்ல, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் அவள் என்றைக்கோ போயிருப்பாள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்போ கண்ணு கல்யாணம் பண்ணிக்கப் போறீங்க?" என்று டார்லீன் கேட்கும்போதெல்லாம், சுபர்ணா பரேஷின் முகத்தைப் பார்ப்பாள். அவர், "கார்டு வரட்டும்" என்பார்.

ஒரு ஞாயிறு, அவர் வழக்கம்போலத் தம் தாயாரின் கப்பல் பிரயாணத்தை நொந்துகொண்டிருந்தபோது, சுபர்ணா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா கதை அப்படியே தலைகீழ், தெரியுமா? அவங்களுக்குத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவே முடியல, பெட்டியெல்லாம் கட்டி வச்சு..."

"பிரசவம் இருக்கட்டும். உன் ஃபைலைக் கொண்டாந்தியா? வக்கீலுங்க அசட்டையா இருப்பாங்க, நான் ஒரு தடவை பாத்துடறேன்."

அவள் உள்ளே ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலை நீட்டினாள். பிறந்த நாடு என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, இன்றைக்கு விடிந்தது என்று நினைத்தாள். பரேஷ் புரட்டினார். பக்கங்களைத் தைத்த ஊசி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஓரங்களைத் தட்டிச் சமன்படுத்தினார். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுதியிருந்ததை வாசிக்கவில்லை, இந்தியப் பெண்ணின் ஃபைலில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"எல்லாம் சரி. போட்டோவுல இடது காது மட்டும் சரியாத் தெரியல," என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் வக்கீல் அம்மாள் போன் செய்தாள். "டாக்டர், உங்களுது கடைசிக் கட்டத்துக்கு வந்துடுச்சு. யாரையாவது கட்டிக்கிற எண்ணம் இருந்தா கார்டு கைக்கு வர்றதுக்கு முன்னாடி கட்டிக்குங்க. அவருக்கும் இதுலயே சேர்த்து வந்துடும். அப்புறம்னா இந்தக் கதவு மூடிடும்."

சுபர்ணா அன்று முழுக்க யோசித்தாள். காது வலி என்று வந்த குழந்தைக்குத் தொண்டையைப் பார்த்தாள். 'சாம்பியா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரேஷ் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கல்யாணம் பதிகிற கவுண்டி கோர்ட்டு வாசலில் பூங்கொத்தோடு நிற்பார். நாலு வருஷமாக நகராத மனுஷன், நாலே நிமிஷத்தில். அப்படி வந்து நின்றால் அவர் கட்டிக்கொள்வது யாரை? என்னையா, தாமிரச் சுரங்கத்தையா? வாழ்நாள் முழுக்க, அவர் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், இது சுபர்ணாவுக்கா கிட்வேக்கா என்று நினைத்துக்கொண்டே குடிக்கவா? ஒரே ஒரு தடவை, கார்டு இல்லாமல், கார்டைப் பற்றிய பேச்சே இல்லாமல், சரி என்று சொல்லட்டும். சொன்ன மறுகணம் சாம்பியாவைத் தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். நியாயமான பரீட்சைதான். பாஸ் மார்க்கும் குறைவுதான்.

சனிக்கிழமை இருவரும் பருப்பு வாங்க கிராண்ட் ஐலண்டில் இருந்த இந்தியக் கடைக்குக் காரில் போனார்கள். பரேஷ் ஓட்டினார். அதாவது, கார் ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தது.

"பரேஷ், திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பரேஷ் வேகத்தை இன்னும் குறைத்தார். "என்ன திடீர்னு?"

"திடீர்னா? நாலு வருஷமாச்சு."

"இல்ல சுபர்ணா, நல்லா யோசிச்சுப் பாரு. ஃபைல் நடுவுல இருக்கறப்போ, மணமாகாதவர்னு இருந்ததைத் திடீர்னு மணமானவர்னு மாத்தினா, பாக்கற ஆபீசர் என்ன நினைப்பான்? ஏன் இப்போ, எதுக்கு இப்போன்னு நினைப்பான். அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது."

"எனக்கு வரலாமா?"

"உனக்கென்ன சந்தேகம்?"

"நீ என்னைக் கட்டிப்பியான்னு."

"கட்டிக்காம? கார்டு வரட்டும்."

"வராமலே போயிடுச்சுன்னா?"

"எப்படி வராமப் போகும்? வரிசை நகருதே!" என்று பரேஷ் உற்சாகமாகிவிட்டார். போன மாதத் தேதி, இந்த மாதத் தேதி, நகரும் வேகம், பின்வாங்கும் வேகம், இடையில் செத்துப்போகிறவர்கள் காலி செய்யும் இடம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தார். "மோசமாப் பாத்தாக்கூட எனக்கு எழுபது, எழுபத்தஞ்சு வயசுக்குள்ள வந்துடும்."

"அப்போ எனக்குப் பல்லு இருக்காது."

"கார்டு வந்துட்டாப் பல்லு கட்டிக்கலாம்."

சுபர்ணா கடைசியாக ஒரு கதவைத் திறந்து வைத்தாள். கதவை என்ன, சுவரையே இடித்து வைத்தாள்.

"பரேஷ், என்னைப் பத்தி ஏதாவது ஒண்ணு கேளேன். எதுவானாலும் சரி. எங்க அப்பா என்ன வேலை பாத்தார், நான் எந்த ஆஸ்பத்திரியில பொறந்தேன், எனக்கு என்ன பிடிக்கும். ஏதாவது ஒண்ணு."

பரேஷ் அவளை அன்போடு பார்த்தார். உண்மையாகவே அன்போடுதான் பார்த்தார். யோசித்தார்.

"கேக்கணும்னே இருந்தேன். போட்டோ மறுபடி எடுத்தியா? ரெண்டு காதும் தெரியணும்."

பின்னாலிருந்து ஒரு டிராக்டர் அவர்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் கையாட்டினார். சுபர்ணாவும் கையாட்டினாள். அந்த டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கார்டு சீக்கிரமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் மேஜைமேல் ஒரு பெரிய கேக். பச்சை நிறப் பூச்சு. நடுவில் டார்லீன் தன் கையாலேயே சுதந்திர தேவியை வரைந்திருந்தாள். தேவி தீப்பந்தத்துக்குப் பதிலாகச் சோளக்கதிரைத் தூக்கிப் பிடித்தமாதிரி இருந்தது. "எனக்கு வரையத் தெரிஞ்சது சோளம் ஒண்ணுதான் கண்ணு," என்றாள். பரேஷ் தேப்லாப் பொட்டலத்தோடு கடைசியாக வந்தார்.

"யாருக்குப் பிறந்தநாள்?"

"பிறந்தநாள் இல்லண்ணே, சுபர்ணாக்காவுக்குக் கார்டு வந்துடுச்சு!" என்றார் ஓபின்னா.

"எந்தக் கார்டு? லைப்ரரி கார்டா?" என்று பரேஷ் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சுபர்ணா கார்டை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. தள்ளி நின்று, பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சுபர்ணா, நான் சொல்றதக் கேளு. இதை யார்கிட்டயும் காட்டாதே. இந்தியாவுல பொறந்தவளுக்கு இந்த வருஷம் கார்டு வர வழியே கிடையாது. கம்ப்யூட்டர் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கு. இன்னிக்கே ஒரு விளக்கம் எழுதி, மரியாதையாத் திருப்பி அனுப்பிடு. நம்ம மேல தப்பு வரக்கூடாது."

"முழுசாப் படி, பரேஷ்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! நான் சொல்லல? பிறந்த நாடு சாம்பியான்னு அடிச்சிருக்கான்! நாட்டையே மாத்திப்புட்டான், முட்டாப்பய!"

"மாத்தல. நான் பொறந்தது அங்கதான்."

பரேஷ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் சந்து காட்டிய மனிதர், தம் வீட்டுச் சந்து எதிரே மடக்கு நாற்காலியில் நாலு வருஷம் உட்கார்ந்து டால்மா சாப்பிட்டதை இப்போதுதான் பார்த்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"எங்கம்மா பெட்டி கட்டின கதையை எத்தனை தடவை ஆரம்பிச்சேன்? ஒரு தடவையாவது முடிக்க விட்டியா?"

ஓபின்னா நல்ல பையன், கணக்கிலும் புலி. "அண்ணே, அப்போ போன மாசமே நீங்க அக்காவைக் கட்டியிருந்தா உங்களுக்கும் இதுலயே..."

"ஜெல்லியைச் சாப்பிடு கண்ணு," என்று டார்லீன் ஒரு கரண்டி நிறைய எடுத்து ஓபின்னாவின் தட்டில் போட்டாள்.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பரேஷ் எழுந்தார். தேப்லாப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். நாலு வருஷமாக எந்தப் பக்கமும் சாயாத அந்த மனிதர், ஆஸ்பத்திரித் தரையில், எல்லோர் எதிரிலும், சுபர்ணாவின் முன்னால் மண்டியிட்டார்.

"சுபர்ணா, என்னைக் கட்டிக்கோ."

டார்லீன் காகிதக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுபர்ணா ஒரு கையை நீட்டினாள். இந்த வார்த்தைக்காகத்தானே, பாழாய்ப்போன இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்! அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நீ மண்டி போட்டது எனக்கா, கார்டுக்கா?"

உலகத்தில் எந்த அசடும் "உனக்குத்தான்" என்று சொல்லியிருப்பான். பொய்யாகவாவது சொல்லியிருப்பான். அவளும் நம்பியிருப்பாள், நம்புவதற்குத் தயாராக, ஒரு கையை நீட்டிக்கூட வைத்திருந்தாள். ஆனால் பரேஷ் யோசித்தார். இரண்டு பன்றிகளுக்கும் நடுவில் நின்று யோசித்தாரே, அதே மாதிரி.

"சட்டப்படி பாத்தா," என்று ஆரம்பித்தார், "கார்டு கிடைச்சவங்க வீட்டுக்காரருக்குன்னு தனியா ஒரு வரிசை இருக்கு. அது நம்ம வரிசை அளவுக்கு மோசமில்ல..."

சுபர்ணா நீட்டிய கையை மடக்கிக் கத்தியை எடுத்தாள். கேக்கை வெட்டினாள். சோளக்கதிர் இருந்த துண்டை பரேஷுக்குக் கொடுத்தாள். பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, காய்ச்சலோடு காத்திருந்த ஒரு குழந்தையைப் பார்க்கப் போனாள்.

எல்லோரும் அவள் ஊரை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். போகவில்லை. தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு வீடு வாங்கினாள். சிவப்பு நிறத்தில் நாலு பேர் படுக்கும்படியான சோபா ஒன்று வாங்கிப் போட்டு, முதல் நாளே அதில் காலை நீட்டிக்கொண்டு தூங்கினாள். தக்காளி வைத்தாள். டார்லீன் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பல்லெல்லாம் ஏற்கனவே நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டால்மா இப்போதும் செய்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, காரம் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பரேஷ் என்ன ஆனார்? திருந்தினார் என்று எழுத ஆசைதான். இந்த ரகம் திருந்துவதில்லை. இன்னும் தேர்ச்சி பெறும். இப்போது புதிதாக வரும் டாக்டர்களுக்கு அவர் ஒரு கதை சொல்கிறார். "ஒருத்தன் இருந்தான். நாலு வருஷம் பழகின பொண்ணை எங்க பொறந்தேன்னு கேக்காம விட்டுட்டான். அதனால முதல் நாளே கேட்டுடணும், புரியுதா?" அந்த ஒருத்தன் யார் என்று சொல்வதில்லை. புதியவர்கள் அந்த மடையனை நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், அவரும் கொஞ்சம் சிரிக்கிறார். ஆனால் பனி பெய்த காலைகளில் சுபர்ணா வெளியே வரும்போது, அவள் காரின் கண்ணாடியை யாரோ சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு எந்த வரிசையிலும் இடம் கிடையாது. அது அவருக்கே தெரியுமோ தெரியாதோ.

நல்லவேளை, நீங்கள் டாக்டர் இல்லை. நெப்ராஸ்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றும் உங்களுக்குத் தெரியாது. பரேஷை நினைத்துத் தாராளமாகச் சிரித்தாயிற்று. அப்படியே அந்த ஷோகேஸைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்: விருந்தாளி வரட்டும் என்று வைத்த பீங்கான் கோப்பைகள் வாங்கிய நாள் தொட்டு அங்கேயே இருக்கின்றனவா? 'லோன் முடியட்டும்', 'பெண்ணுக்கு ஒரு வழி ஆகட்டும்', 'ரிடையர் ஆகட்டும்' என்று எத்தனை சோபாக்களை வாங்காமல் வைத்திருக்கிறீர்கள்? சரி, அது உங்கள் சொந்த விஷயம், விடுங்கள். ஒரே ஒரு சின்னக் கேள்வி. இதோ, அடுத்த அறையில் நடமாடிக்கொண்டிருக்கிறாரே, உங்களோடு இத்தனை வருஷம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர், அவர் எந்த ஊரில் பிறந்தார்? "அவங்க அம்மா ஊர்லதான் இருக்கும்" என்று இழுக்கிறீர்களே! உடனே எழுந்து போய்க் கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் நில்லுங்கள்.

என்ன, "இந்தப் பக்கம் முடியட்டும்" என்கிறீர்களா?